வாங்குபவரின் கணக்கும் ஜே.சி. குமரப்பாவும்

பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் உள்நாட்டுப் பொருள்களையே வாங்க வேண்டும் என்ற வேண்டுகோள் எழுவது வழக்கமாகிவிட்டது. எல்லையில் பதற்றம் ஏற்பட்டால் அதே வேண்டுகோள் புறக்கணிப்பு முழக்கமாக மாறுகிறது. அமெரிக்காவில் இந்தக் குரல் வேறு வடிவில் ஒலிக்கிறது. தங்கள் ஊர் ஆலைகள் மெக்சிகோவுக்கும் சீனாவுக்கும் போய்விட்டன, கணினி வேலைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டன என்பது அங்குள்ள தொழிலாளர்களின் முறையீடு. அங்கே வேலையிழப்பாகப் பதிவாவது இங்கே வேலைவாய்ப்பாகப் பதிவாகிறது. உள்நாட்டுப் பொருள் என்ற சொல்லை இரு தரப்பும் ஒரே உறுதியோடு உச்சரிக்கின்றன.

இந்த விவாதத்தில் அநேகமாக யாரும் நினைவுகூராத பெயர் ஜே.சி. குமரப்பா. காந்தியப் பொருளியலாளர் என்ற அடைமொழியோடு ஆண்டுக்கொருமுறை மாலை அணிவித்து மறந்துவிடப்படுகிறவர்களில் அவரும் ஒருவர். நான் பயின்ற பாடத்திட்டத்திலும், பின்னர் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பயிற்றுவித்த பாடத்திட்டத்திலும் இந்தியப் பொருளியல் சிந்தனை என்ற தாளில் ஐந்து மதிப்பெண் வினாவாகவே அவர் இடம்பெற்றார். ரிக்கார்டோவின் ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டுக்கு, இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் மதுவையும் வைத்து நாங்கள் ஒரு வாரம் செலவிட்டோம். துணியை நெய்தவர் என்ன கூலி பெற்றார் என்பது அந்த ஒரு வாரத்தில் பேசப்படாத பொருள். குமரப்பா தம் வாழ்நாள் முழுவதும் பேசியது அதைத்தான்.

1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் சாலமன் துரைசாமி கார்னீலியஸ், எஸ்தர் ராஜநாயகம். குழந்தைக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். வசதியும் கல்வியும் கட்டுப்பாடும் நிறைந்த வீடு. 1912-இல் லண்டன் சென்று கணக்குத் தணிக்கை பயின்று, அங்கேயே சில ஆண்டுகள் பணியாற்றினார். தாயாரின் வற்புறுத்தலால் 1919-இல் நாடு திரும்பி, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். மேலைநாட்டு உடை, மேலைநாட்டு உணவு, நேரம் தவறாமை என வாழ்ந்த அந்த இளைஞரைப் பார்த்த எவரும், பிற்காலத்தில் அவர் மண்ணெண்ணெய் விளக்குக்கு மாற்றாகத் தாவர எண்ணெய் விளக்கொன்றை உருவாக்குவதில் முனைவார் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

திருப்பம் அமெரிக்காவில் நேர்ந்தது. 1920-களின் பிற்பகுதியில் அங்கு சென்ற அவர், சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்றார். அங்கு அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன், அக்காலத்தில் பொது நிதித் துறையில் உலகப் புகழ் பெற்றவர். இந்தியா ஏன் வறுமையில் வாடுகிறது என்பது குறித்துக் குமரப்பா ஆற்றிய உரை ஒன்றைப் பற்றிச் செய்தித்தாளில் படித்த செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி தூண்டினார். ஆய்வு வளர வளர, ஆங்கில ஆட்சியின் வரவு செலவுக் கணக்கே அவரை ஆங்கில ஆட்சிக்கு எதிரானவராக மாற்றியது. மேடைப் பேச்சைக் கேட்டோ கவிதை படித்தோ தேசியவாதியானவர்கள் பலர் உண்டு. பேரேட்டைப் படித்து அப்படி ஆனவர்கள் மிகச் சிலர். எந்த வரி யாரிடமிருந்து வசூலாகிறது, அது யாருக்காகச் செலவாகிறது என்று ஒரு தணிக்கையாளரின் கண்ணோடு அவர் பார்த்தார். வசூலாகும் இடம் கிராமம், செலவாகும் இடம் படையும் நிர்வாகமும் என்ற முடிவுக்கு வந்தார்.

அந்த ஆய்வை நூலாக்கும் எண்ணத்தோடு 1929 மே 9-ஆம் தேதி சபர்மதிக்குச் சென்றார். ஐரோப்பிய உடையில் போன அவர், குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவரைச் சற்று நேரம் நின்று கவனித்தார். குறித்த நேரம் வந்ததை அறிய அவர் கடிகாரத்தைத் திறந்தபோது, நீங்கள்தான் குமரப்பாவா என்ற பொருளில் அந்த முதியவரே விசாரித்தார். காந்தியடிகள் என்று அப்போதுதான் தெரிந்தது. விலையுயர்ந்த உடை அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் தரையில் அமர்ந்தார் குமரப்பா. அவருடைய ஆய்வு யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. கார்னீலியஸ் என்ற பெயரை விடுத்து, முன்னோர் வழிப்பெயரான குமரப்பாவைக் குடும்பத்தினர் சிலர் ஏற்றதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். இளவல் பாரதன் குமரப்பாவும் பின்னாளில் அதே பாதையில் வந்தார்.

நூல் அச்சாகும் முன்பே காந்தியடிகள் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் தாலுகாவின் பொருளாதார நிலையை ஆய்ந்து அறிக்கை தர வேண்டும். குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குச் சென்று, வீடு வீடாக வரவையும் செலவையும் குறித்தார் குமரப்பா. அம்மாணவர்களின் மொழியான குஜராத்தி அவருக்குத் தெரியாது. கொலம்பியாவில் புள்ளிவிவரமாகப் படித்த வறுமையை முதன்முறையாக முகத்துக்கு முகம் பார்த்தது அங்கேதான். இந்தியாவில் நடந்த முறையான கிராமப் பொருளாதார ஆய்வுகளில் முன்னோடியானவற்றுள் அது ஒன்று. நிலவரி என்பது உழவரின் உபரியிலிருந்து அல்ல, அவருடைய உணவிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதே அதன் சாரம்.

அதன் பிறகு சிறை, விடுதலை, மீண்டும் சிறை. இடையில், இந்தியாவின் மீது சுமத்தப்பட்டிருந்த பொதுக்கடனை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவில் பணியாற்றினார். கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய போர்களின் செலவையும், இந்தியாவுக்குச் சம்பந்தமில்லாத படையெடுப்புகளின் செலவையும் இந்திய மக்களின் கணக்கில் எழுதியது செல்லாது என்று வாதிட்டது அக்குழு. காலனி ஆட்சியைத் தணிக்கை ஆட்சேபங்களால் எதிர்த்த ஆவணம் அது.

தணிக்கையாளர் என்ற முறையில் அவருடைய கண்டிப்புக்குப் பலரும் சொல்லும் சான்று 1934-ஆம் ஆண்டு பிகார் நிலநடுக்க நிவாரணம். நிதிக்கணக்கைக் கவனிக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் இருந்தது. ஊழியர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு அணா என்று உணவுப்படியை வரையறுத்தார். காந்தியடிகளும் அவருடைய குழுவினரும் பிகாருக்கு வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று மறுத்துவிட்டார். காந்தியடிகள் அதைக் குறையாகக் கொள்ளவில்லை என்பதோடு, அதே ஆண்டின் இறுதியில் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளர் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார்.

வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டத்தில் மகன்வாடி உருவானது. கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், கையால் செய்த காகிதம், தேனீ வளர்ப்பு, மண்பாண்டம் என ஒவ்வொன்றையும் ஆராய்ந்து மேம்படுத்துவது அங்கு நடந்த வேலை. சங்கத்தின் இதழே கைக்காகிதத்தில் அச்சானது. மகன் தீபம் என்ற விளக்கு அங்கு உருவாக்கப்பட்டதன் காரணம் வெறும் பழைமைப் பற்று அன்று. மண்ணெண்ணெய் வாங்கும் உழவரின் காசு எண்ணெய்க் கம்பெனிக்குப் போகிறது. தாவர எண்ணெய் எரித்தால் அது ஊர்ச் செக்காட்டுபவரிடமும் வித்து விளைத்தவரிடமும் நிற்கிறது. பணம் ஊருக்குள் எத்தனை முறை கைமாறுகிறது என்பதை இன்றைய பொருளியல் உள்ளூர்ப் பெருக்கி விளைவு என்கிறது. குமரப்பா அதை விளக்கைக் காட்டி விளக்கினார்.

1936-இல் வெளிவந்த அவருடைய கிராம இயக்கம் ஏன் என்ற ஆங்கில நூலில்தான், நான் இக்கட்டுரையை எழுதக் காரணமான வாதம் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்குபவர் திருட்டுக்கு உடந்தையாகிறார் என்பதை எல்லாரும் ஏற்பர். அவ்வாறெனில், அடிமைத்தனத்தாலோ அரைவயிற்றுக் கூலியாலோ உண்டான பொருளை வாங்குபவரின் பொறுப்பு என்ன? ஒரு கோப்பைக் கோக்கோவை எடுத்துக்கொண்டு, அதன் கொட்டை மேற்கு ஆப்பிரிக்காவில் யாரால் எந்த நிலையில் விளைந்தது, எந்தக் கப்பலில் வந்தது, அந்தக் கடல்வழியை எந்தப் படை காத்தது என்று பின்னோக்கிச் செல்கிறார் அவர். விலைச்சீட்டு இவை எதையும் சொல்வதில்லை. காசைக் கொடுத்தவுடன் நம் கடமை தீர்ந்தது என்பது அவருக்கு ஏற்புடையதன்று. அப்படியானால், நாம் வாங்கும் பொருளின் விளைவுகளுக்குப் பொறுப்பேற்க இயலும் வட்டத்துக்குள் நம் கொள்வினையைச் சுருக்கிக்கொள்வதே வழி. சுதேசி என்பதற்கு அவர் கண்ட அடிப்படை இதுவே.

இந்தச் சுதேசியில் நாட்டின் எல்லைக்கோடு ஓர் அளவுகோலாகவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அகமதாபாத் ஆலையில் உழைப்பைச் சுரண்டி நெய்த துணி, மான்செஸ்டர் துணியைவிட உயர்ந்ததாகிவிடாது. இந்திய முதலாளி என்பதற்காக அவர் விலக்கு அளிக்கவில்லை. தேசப்பற்றை விற்பனை உத்தியாக்கியுள்ள இன்றைய விளம்பரங்களில் அவருக்கு இடமில்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். இன்று ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படும் கைப்பேசியின் உதிரிப்பாகங்களில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. அமெரிக்க நிறுவனத்தின் பெயரைத் தாங்கும் பின்னலாடை திருப்பூரில் தைக்கப்படுகிறது. எந்தப் பொருள் எந்த நாட்டுடையது என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், இணையத்தில் விற்கும் பொருளுக்குத் தோற்ற நாட்டின் பெயரைக் காட்ட வேண்டும் என்கின்றன. நல்ல விதிதான். குமரப்பா கேட்ட விவரம் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்தனர். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும் அவர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். இடிபாடுகளில் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களின் பெயர்ச்சீட்டுகள் கிடந்தன. குமரப்பா அன்று கோக்கோ கோப்பையை வைத்துச் சொன்னதை, அந்தச் சீட்டுகள் ஆடையை வைத்துச் சொல்லின. கோக்கோவின் கதையும் தீர்ந்தபாடில்லை. உலகக் கோக்கோ விளைச்சலில் பாதிக்கு மேல் தரும் கானா, ஐவரி கோஸ்ட் தோட்டங்களில் குழந்தைத் தொழிலாளர் இருப்பது பலமுறை ஆவணப்படுத்தப்பட்டுள்ளது.

ஆயினும் அவருடைய தீர்வை அப்படியே ஏற்க என்னால் இயலவில்லை. பழிக்கு அஞ்சி வாங்குபவர் விலகிக்கொண்டால், முதலில் அடிபடுவது அந்தத் தொழிலாளியே. குழந்தைகளைக் கொண்டு செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்க 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க மேலவை உறுப்பினர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகும் முன்பே, அச்சத்தில் வங்கதேச ஆடை ஆலைகள் பல்லாயிரம் குழந்தைகளை வெளியேற்றின. அவர்களிற் பலர் பள்ளிக்குச் செல்லவில்லை. கல்லுடைப்பு போன்ற இன்னும் கொடிய வேலைகளுக்குச் சென்றதை யுனிசெஃப் பதிவு செய்தது. 1995-இல் ஆலை உரிமையாளர்கள், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் ஆகியோர் உடன்பாடு கண்டு, பள்ளியும் உதவித்தொகையும் ஏற்பாடானபோதுதான் நிலைமை ஓரளவு சீரானது. 1931-இல் காந்தியடிகள் லங்காஷயருக்குச் சென்று, அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளர்களை நேரில் சந்தித்ததையும் இங்கு நினைக்கத் தோன்றுகிறது. புறக்கணிப்பின் மறுமுனையிலும் மனிதர்கள் இருந்தனர். அவர்களைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் உலகச் சந்தையின்றி இன்றுள்ள அளவுக்கு வளர்ந்திருக்காது. மானாவாரி நிலத்தை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தையல் எந்திரங்களால் பிழைத்தன. அதே ஊரின் சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்பதையும் நாம் அறிவோம். பீகூ என்ற பொருளியலாளர் புறவிளைவு பற்றி 1920-இல் எழுதியதைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் என்ற முறையில், கிராம வாழ்விலிருந்து அதே இடத்துக்குக் குமரப்பா வந்து சேர்ந்தது எனக்கு வியப்பளிக்கிறது. பீகூ வரி விதித்துச் சரிசெய்யலாம் என்றார். வாங்குபவரின் மனச்சான்றை நம்பியவர் குமரப்பா. இரண்டுமே தனித்துப் போதாது என்பதே என் கருத்து. ராணா பிளாசாவுக்குப் பின், 2013 மே மாதத்தில் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் செய்துகொண்ட கட்டடப் பாதுகாப்பு உடன்பாடு சட்டப்படி கட்டுப்படுத்தும் தன்மையுடையது. அதன் கீழ் ஆலைகள் பொறியாளர்களால் ஆய்வு செய்யப்பட்டன. வட்டத்தைச் சுருக்காமலேயே பொறுப்பை நீட்டிக்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று. வாங்கியவர்களின் கண்டனம் இல்லாவிடில் அதுவும் நிகழ்ந்திராது.

1942-க்குப் பிறகு குமரப்பா ஜபல்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். உடல்நலம் குன்றிய அந்த நாள்களில் இரு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் போதனைகள் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது, 1945-இல் வெளிவந்தது. இயற்கையில் காணும் வாழ்முறைகளை ஒட்டுண்ணி, கொள்ளை, முயற்சி, கூட்டுறவு, தொண்டு என அதில் வகைப்படுத்தினார். இரும்பு, நிலக்கரி, எண்ணெய் என்று தீர்ந்துபோகும் வளத்தை நம்பிய பொருளாதாரம் போட்டியையும் போரையும் கொண்டுவரும் என்பது அவர் கணிப்பு. பணத்தைப் பற்றிய அவருடைய எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தமானது. வாழைப்பழம் விற்கும் பெண்ணும் கையில் காசு வைத்திருப்பவரும் பேரம் பேசுகிறார்கள். பழம் அழுகும், காசு அழுகாது. பொழுது சாயச் சாய அந்தப் பெண்ணின் நிலை இறங்கிக்கொண்டே போகும். தடையற்ற சந்தையில் இருவரும் சமம் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த வாழைப்பழம் நினைவுக்கு வந்ததுண்டு.

விடுதலைக்குப் பின் அவருக்கும் ஆட்சியாளர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. 1938-இல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலிருந்தே விரைவில் விலகியவர் அவர். காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராக 1949-இல் அவர் அளித்த அறிக்கை, இடைத்தரகர் ஒழிப்பையும் உழுபவரின் உரிமையையும் தெளிவாக வலியுறுத்தியது. அதில் எவ்வளவு நிறைவேறியது என்பது தனிக்கதை. பெருந்தொழில்மயம் நோக்கிய ஐந்தாண்டுத் திட்டங்களை அவர் கடுமையாக விமர்சித்தார். அவருடைய கோபமும் நாடறிந்ததாக இருந்தது.

இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சிறிய குடிலில் இரத்த அழுத்த நோயோடு போராடியபடி, தம்மைத் தேடி வந்தவர்களிடம் கிராமத் தொழில்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே ஏழைக் கிராமத்தார் ஒருவரின் படம் இருந்தது. காந்தியடிகள் தம் குரு என்றும், இவர் குருவின் குரு என்றும் வந்தவர்களுக்கு அறிமுகப்படுத்துவது அவர் வழக்கம். 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த நாளில், மதுரை மருத்துவமனையில் காலமானார்.

சில ஆண்டுகள் கழித்து, பிரிட்டனில் வாழ்ந்த பொருளியலாளர் ஷூமாகர் பௌத்தப் பொருளியல் பற்றிய தம் கட்டுரையில் குமரப்பாவின் நிலைத்த பொருளாதாரத்தை மேற்கோள் காட்டினார். 1973-இல் சிறியதே அழகு என்ற நூலில் அக்கட்டுரை இடம்பெற்று உலகெங்கும் படிக்கப்பட்டது. நம் மாணவர்களிற் பலர் குமரப்பாவின் பெயரை முதன்முதலில் காண்பது, அந்த ஆங்கில நூலின் வழியாகத்தான்.